வெப்ப அயர்ச்சி: கால்நடை வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெயில் ஏறியதும் மாடு தீவனத்தை மிச்சம் வைக்கும், பாலும் குறையும். 'தின்னவில்லை, அதனால் கறக்கவில்லை' என்று கணக்கை அதோடு முடித்துவிடுகிறோம். வெயில் காலத்தில் நாம் செய்யும் பல தவறுகள் இந்தக் கணக்கிலிருந்துதான் கிளம்புகின்றன. வெப்பம் பசியை மட்டும் கெடுப்பதில்லை. உடல் சர்க்கரையை எதற்குச் செலவிடுகிறது, கொழுப்பை எப்போது கரைக்கிறது, இரத்தத்தின் கார அமிலச் சமநிலையை எப்படிக் காக்கிறது என்பதையெல்லாம் அது மாற்றிவிடுகிறது. இந்த மாற்றங்களின் விளைவு அன்றைக்கே கண்ணில் படாது. வாரங்கள் கழித்துக் குளம்பிலும் சினையிலும் தெரியும், சில நேரம் அடுத்த தலைமுறையின் மடியில் தெரியும். அப்போது நாம் வெயிலை மறந்துவிட்டு வேறு எதையாவது குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

பசியின்மையை மட்டும் பார்ப்பது

அரிசோனா பல்கலைக்கழகத்தில் நடந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வு இந்த விஷயத்தில் பலருடைய எண்ணத்தை மாற்றியது. கறவை மாடுகளை வெக்கையில் வைத்துப் பார்த்தார்கள். இன்னொரு குழுவைக் குளுமையான இடத்தில் வைத்து, வெக்கையில் நின்றவை எவ்வளவு தின்றனவோ அதே அளவுக்கு இவற்றின் தீனியையும் குறைத்தார்கள். தீனிக் குறைவு மட்டுமே காரணம் என்றால் இரண்டு குழுவிலும் பால் ஒரே மாதிரி குறைந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. வெக்கையில் குறைந்த பாலில் சுமார் 35 சதவீதத்துக்குத்தான் தீனி பொறுப்பு. மீதி, உடலுக்குள் நடந்த மாற்றத்தால் போனது.

வழக்கமாகத் தீனி குறைந்தால் மாட்டுக்கு இன்சுலின் இறங்கும், உடல் கொழுப்பு கரைந்து தசைகளுக்கு எரிபொருளாகும், குளுக்கோஸ் மடிக்கென்று மிச்சப்படும். கன்று ஈன்ற புதிதில் மாடு இளைத்துக்கொண்டே பால் கொடுப்பது இப்படித்தான். வெக்கையில் வாடும் மாட்டில் இது தலைகீழாகிறது. தீனி குறைந்தும் இன்சுலின் இறங்குவதில்லை, சில நேரம் ஏறவும் செய்கிறது. கொழுப்பு போதிய அளவு கரைவதில்லை. உடல் குளுக்கோஸையே எரித்துக்கொள்கிறது. பாலில் உள்ள லாக்டோஸ் குளுக்கோஸிலிருந்துதான் உருவாகிறது, மடிக்குள் நீரை இழுத்துப் பாலின் அளவைத் தீர்மானிப்பதும் அந்த லாக்டோஸ்தான். அதனால் குளுக்கோஸ் வழியில் செலவானால் பால் குறைந்தே தீரும்.

எங்கே செலவாகிறது? ஒரு முக்கியமான இடம் குடல். சூட்டை வெளியேற்றுவதற்காக உடல் இரத்தத்தைத் தோல் பக்கம் திருப்பிவிடும்போது குடலுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. குடலின் உட்படலச் செல்களுக்கு இடையே உள்ள பிணைப்பு தளர்ந்து, பாக்டீரியாவின் நச்சுகள் இரத்தத்தில் கசிகின்றன. அவற்றோடு போராடும் நோயெதிர்ப்புச் செல்களுக்குக் குளுக்கோஸ் ஏராளமாக வேண்டும். இப்படிப்பட்ட நச்சைச் செலுத்தி எதிர்ப்பைத் தூண்டிய கறவை மாடுகளில், 12 மணி நேரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் குளுக்கோஸ் கூடுதலாகச் செலவானதைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

குறைந்த பாலை அடர்தீவனத்தால் ஈடுகட்டுவது

என் பார்வையில் மிக அதிக இழப்பைத் தரும் தவறு இதுதான். பால் குறைகிறதே என்று தானியம், பிண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தைக் கூட்டி, 'நார்த்தீவனம் சூடு' என்று அதைக் குறைப்பார்கள். நார் செரிக்கும்போது கூடுதல் சூடு பிறப்பது உண்மைதான். ஆனால் தின்ற தீவனம் முதலில் போய் நொதிக்கும் பெருவயிற்றின் நிலை அந்த நேரத்தில் என்ன என்று பார்க்க வேண்டும்.

மாடு இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது, இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம், அமிலத்தைத் தணிக்கும் உப்பான பைகார்பனேட்டை வெளியே தள்ளுகிறது. எச்சிலுக்குப் போகும் பைகார்பனேட் குறைகிறது. சுரக்கும் எச்சிலிலும் ஒரு பங்கு வாயிலிருந்து ஒழுகித் தரையில் விழுகிறது. அசை போடுவதும் குறைந்திருக்கும். பெருவயிற்றின் அமிலத்தைத் தணிக்கும் வழிகள் எல்லாம் அடைபட்ட நேரத்தில்தான் நாம் தானியத்தைக் கொட்டுகிறோம். பகலெல்லாம் தின்னாத மாடு இரவில் பசியோடு ஒரே மூச்சில் தின்று தீர்ப்பதால் அமிலம் இன்னும் ஏறுகிறது. பாலில் கொழுப்புச்சத்து இறங்கும், சாணம் இளகும், அதில் செரிக்காத தானியத் துணுக்குகள் தெரியும். சில வாரங்கள் கழித்து மாடு நொண்டும். வெயிலில் மாடுகள் காற்றுக்காகப் படுக்காமல் நின்றுகொண்டே இருப்பதும் குளம்புக்குக் கூடுதல் சுமை.

எனவே நாரை வெட்டாதீர்கள், நாரின் தரத்தை உயர்த்துங்கள். இளசாக அறுத்த, எளிதில் செரிக்கும் தீவனம் குறைந்த சூட்டில் அதிக ஆற்றல் தரும். சோடியம் பைகார்பனேட் மாட்டுக்கு நாளொன்றுக்கு 150 முதல் 200 கிராம் வரை தீவனத்தில் கலந்து கொடுப்பது பரவலான நடைமுறை. மாட்டின் வியர்வையில் பொட்டாசியம் நிறைய வெளியேறுவதால் தாது உப்பில் அதையும் கவனிக்க வேண்டும். புரதத்தைத் தேவைக்கு மேல் கொடுப்பதும் வேண்டாம். மிஞ்சும் புரதத்தை யூரியாவாக்கி வெளியேற்ற உடல் ஆற்றலைச் செலவிடுகிறது, அதுவும் சூடுதான்.

தீனி வைக்கும் நேரத்துக்கும் இதே அளவு மதிப்பு உண்டு. தின்ற 3, 4 மணி நேரத்தில் நொதித்தல் சூடு உச்சத்துக்குப் போகும். முற்பகலில் வயிறு நிறையத் தின்ற மாட்டுக்கு வயிற்றுச் சூடும் வெளிச்சூடும் ஒரே நேரத்தில் வந்து சேரும். பெரும்பங்கைப் பொழுது சாய்ந்த பிறகும் விடியலிலும், இரவில் பல தடவையாகவும் பிரித்து வையுங்கள்.

வெப்பமானியை மட்டும் நம்புவது

'இன்றைக்கு 30 டிகிரிதானே' என்பது போதுமான தகவல் அல்ல. ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப ஈரப்பதக் குறியீட்டில் 72 என்பது கறவை மாடுகளுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த எல்லை. அதிகம் கறக்கும் மாடுகளுக்கு 68-லேயே பாதிப்பு தொடங்குவதாகப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால் வெறும் 24 டிகிரியிலேயே இந்தக் குறியீடு 73-ஐத் தொட்டுவிடும். மேகமூட்டமான, காற்றில்லாத, புழுக்கமான நாளை நாம் வெயில் நாளாகவே எண்ணுவதில்லை. மாட்டுக்கு அது வெயில் நாள்தான்.

எந்தக் கருவியையும்விட மாட்டின் விலாப்புறம் தெளிவாகச் சொல்லும். மாட்டை அசைக்காமல் சற்றுத் தள்ளி நின்று, கடைசி விலா எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளம் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் அயர்ச்சி தொடங்கிவிட்டது. 80-ஐத் தாண்டினால் உடனே குளிர்விக்க வேண்டும். 120-ஐத் தாண்டி, கழுத்து நீண்டு, வாய் திறந்து, நாக்கு வெளியே தொங்கி, எச்சில் கயிறாக ஒழுகினால் அது உயிர் ஆபத்து. உச்சி வேளையில் மட்டும் எண்ணினால் போதாது. உடலில் சேரும் சூடு உச்சத்துக்கு வருவது மாலையில், வெளிவெப்பம் இறங்கத் தொடங்கிய பிறகு. பொழுது சாய்ந்ததும் விசிறியை நிறுத்துவது அதனால்தான் தவறு. சேர்ந்த சூட்டை மாடு இறக்கி வைப்பது இரவில்தான், இரவும் புழுங்கினால் மறுநாளை அது பாதிச் சூட்டோடு தொடங்கும்.

தண்ணீரைத் தவறாகத் தெளிப்பது

அடைத்த கொட்டகையில் பனிபோல் நுண்துளி தெளித்தால் ஈரப்பதம் ஏறும், மயிரின் நுனி மட்டும் நனையும், தோல் நனையாது. ஈரத்துணியை முகத்தில் போர்த்தியதுபோல் மாடு இன்னும் திணறும். தோல்வரை நனையும்படி ஓரிரு நிமிடம் பெரிய துளியாக ஊற்றி, பிறகு காற்றால் உலரவிட வேண்டும். உலர்ந்ததும் மறுபடி நனைக்கலாம். சூட்டை எடுத்துக்கொண்டு போவது நீர் ஆவியாவதுதான், அதற்குக் காற்று ஓட்டம் வேண்டும். முதுகில் ஈரச்சாக்கைப் போட்டுவிட்டுப் போகும் வழக்கமும் வேண்டாம். சாக்கு காய்ந்ததும் கம்பளிதான். மடியில் நீர் வழிந்து தரை சேறானால் மடிநோய் வரும், எனவே வடிகாலைப் பார்த்துக்கொள்ளுங்கள். குடிநீர்த் தொட்டி நிழலில் இருக்கட்டும், பல மாடுகள் ஒரே நேரத்தில் குடிக்க இடம் இருக்கட்டும். வெயிலில் காய்ந்த நீரை மாடு கொஞ்சம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும்.

கறக்காத மாட்டை மறந்துவிடுவது

விசிறியும் நிழலும் கறவை மாட்டுக்கு, பால் வற்றிய சினைமாட்டுக்கு வெட்டவெளி. இந்தப் பாகுபாட்டைப் பல பண்ணைகளில் பார்க்கலாம். புளோரிடா பல்கலைக்கழகத்தின் தொடர் ஆய்வுகள் இதன் விலையைக் காட்டியிருக்கின்றன. ஈனுவதற்கு முந்தைய கடைசி ஆறேழு வாரங்கள் வெக்கையில் கழித்த மாடு அடுத்த கறவையில் குறைவாகக் கறக்கிறது, ஏனெனில் அந்த நாட்களில்தான் மடித்திசு புதுப்பிக்கப்படுகிறது. அதன் கன்று எடை குறைவாகப் பிறந்து, சீம்பாலின் எதிர்ப்புப் புரதங்களைச் சரியாக உட்கிரகிப்பதில்லை. கிடாரி வளர்ந்து கறவைக்கு வரும்போது அதன் பாலும் குறைவாக இருக்கிறது. கறக்காத மாட்டுக்கு ஒரு விசிறி வீண்செலவு என்று இனியும் சொல்ல முடியாது.

பொலிகாளைக்கும் இது பொருந்தும். காளையில் விந்தணு உருவாக இரண்டு மாதங்கள் வரை ஆகும். வெயில் தணிந்த பிறகும் சினை பிடிக்காமல் போவதற்குப் பசுவை மட்டும் சோதித்துக்கொண்டிருக்கக் கூடாது. பசுவிலோ பருவ அறிகுறியே மங்கிப்போகும், தவறவிடாமல் இரவிலும் விடியலிலும் பார்க்க வேண்டும்.

எல்லா விலங்குக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பது

எருமைக்குக் கறுத்த தோல், வியர்வைச் சுரப்பிகளும் மாட்டைவிட மிகக் குறைவு. அதற்கு நீரில் புரள்வது மருத்துவம் மாதிரி. பன்றி சூட்டைத் தணிக்கும் அளவுக்கு வியர்ப்பதே இல்லை. பாலூட்டும் தாய்ப்பன்றிக்கு 20 டிகிரியை ஒட்டிய வெப்பம் இதம், பிறந்த குட்டிகளுக்கு 30-க்கு மேல் வேண்டும். குட்டிகளுக்காக அறை முழுவதையும் சூடாக்கினால் தாய் தீனியை விடும், குட்டிகளுக்குப் பால் கிடைக்காது. குட்டிகள் படுக்கும் மூலையை மட்டும் சூடாக்குங்கள். செம்மறியின் ரோமம் வெயிலைத் தோலில் படாமல் தடுக்கிறது. கடும் வெயிலுக்கு முன்னால் ஒட்ட மழிப்பது அதை வதைப்பதாகும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பியே இல்லை, கடும் வெக்கையில் இரைப்பதுதான் முக்கிய வழி. இரைக்கும்போது கரியமில வாயு போவதால் ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் குறைகிறது, முட்டை ஓடு மெலிகிறது. இதற்குச் சுண்ணாம்புச் சத்தை மட்டும் கூட்டினால் பயன் குறைவு. உச்சி வேளைக்குச் சில மணி நேரம் முன்பே தீனியை எடுத்துவிடுங்கள், குடிநீரைக் குளிர்ச்சியாக வையுங்கள், அந்த நேரத்தில் கோழிகளைப் பிடிக்கவோ விரட்டவோ செய்யாதீர்கள்.

விழுந்த மாட்டுக்குக் காய்ச்சல் ஊசி கேட்பது

உடம்பு கொதிக்கிறது, ஆனால் இது காய்ச்சல் அல்ல. காய்ச்சலில் மூளையே வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, மருந்து அதை இறக்கும். வெப்பத் தாக்கத்தில் மூளை உயர்த்தவில்லை, சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கியிருக்கிறது. காய்ச்சல் மருந்து இதை இறக்காது. வெப்பநிலை 41 டிகிரியைத் தாண்டிய மாட்டுக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுக்கத் தாராளமாக நீர் ஊற்றி, பலமாக விசிறுங்கள். எழ முடியாத மாட்டை வெயிலில் இழுக்க வேண்டாம், இருக்கும் இடத்திலேயே நிழல் கட்டுங்கள். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்டினால் அது நுரையீரலுக்குப் போய்விடும். கால்நடை மருத்துவரை அழைத்துவிட்டு, அவர் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். எழுந்து நின்றுவிட்டது என்பதற்காக அன்றிரவே முழு அடர்தீவனத்தை வைத்துவிடக் கூடாது. குடல் படலமும் பெருவயிறும் தேறச் சில நாட்கள் பிடிக்கும். நல்ல நார்த்தீவனத்தில் தொடங்கி, சாணத்தைப் பார்த்துப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுங்கள்.