சிறுகோள் நட்சத்திரத்தை மறைக்கும்போது பதிவு செய்வது எப்படி?

பெரும்பாலான சிறுகோள்கள் எவ்வளவு பெரிய டெலஸ்கோப்பில் பார்த்தாலும் வெறும் புள்ளிதான். ஆனால் அந்தப் புள்ளி ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடந்தால் அதன் நிழல் பூமியின் மேல் ஓடும். நட்சத்திரம் எங்கோ தொலைவில் இருப்பதால் நிழலின் அகலமும் சிறுகோளின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றே. அந்தப் பாதையில் நிற்பவருக்கு நட்சத்திரம் சில விநாடிகள் காணாமல் போகும். எப்போது போனது, எப்போது வந்தது என்ற இரண்டு நேரங்களைப் பிடிப்பதுதான் நம் வேலை.

முதலில் நிகழ்வைத் தேட வேண்டும். ஆக்கல்ட்வாட்சர் என்ற இலவச மென்பொருளில் உங்கள் இடத்தைக் கொடுத்தால் அக்கம்பக்கத்தில் வரும் நிழல்களைப் பட்டியல் போட்டுவிடும். கையா விண்கலத்தின் நட்சத்திர அளவீடுகள் வந்த பிறகு இந்தக் கணிப்புகள் எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன. நட்சத்திரம் மறைந்தாலும் சிறுகோள் பிரதிபலிக்கும் சூரிய வெளிச்சம் மிச்சமிருக்கும் என்பதால், ஒளி எவ்வளவு குறையும் என்ற எண்ணையும் பாருங்கள். அது ரொம்பச் சிறியதாக இருந்தால் முதல் முயற்சிக்கு அந்த நிகழ்வு வேண்டாம்.

அடுத்தது நேரம். உண்மையில் எல்லாமே இதில்தான் இருக்கிறது. நிழல் விநாடிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, நட்சத்திரம் 3 விநாடி மறைந்தது என்றால் உங்கள் தலைக்கு மேல் கடந்த துண்டின் நீளம் 60 கி.மீ.; அதில் பத்தில் ஒரு பங்கு விநாடி பிசகினாலே 2 கி.மீ. தப்பாகிவிடும். அதனால் ஸ்டாப்வாட்சை எல்லாம் மறந்துவிட்டு, கேமராவில் வீடியோவாக எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் ஜிபிஎஸ் நேரம் பதியும்படி செய்யுங்கள். மடிக்கணினியின் கடிகாரத்தை அப்படியே நம்ப வேண்டாம். நட்சத்திரம் இருக்கும் இடத்தை முந்தைய இரவே ஒரு தடவை தேடிப் பழகிவிட்டால் அன்றைக்குப் பதற்றம் இருக்காது.

ஒருவர் பதிவு செய்தால் கிடைப்பது சிறுகோளின் குறுக்கே ஒரே ஒரு கோடு. நிழல் ஓடும் திசைக்குக் குறுக்காகப் பலர் தள்ளித் தள்ளி நின்றால்தான் கோடுகள் சேர்ந்து வடிவம் வரும். 2017 ஜூலை 17 அன்று அர்ஜென்டினாவின் படகோனியாவில் நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் விண்கலக் குழுவினர் இப்படித்தான் 24 டெலஸ்கோப்புகளைப் பரப்பி வைத்தார்கள். காற்று ஆட்டாமல் இருக்க லாரிகளைப் பக்கத்தில் நிறுத்தினார்கள், தெருவிளக்குகளையும் அணைக்கச் செய்தார்கள். நிழலைப் பிடித்தவை ஐந்தே டெலஸ்கோப்புகள். அந்த ஐந்து கோடுகளை வைத்தே சுமார் 650 கோடி கி.மீ. தொலைவில் இருக்கும் அரோகோத் என்ற சிறு பொருள் உருண்டை இல்லை, இரண்டு மடல்கள் ஒட்டியதுபோல இருக்கலாம் என்று ஊகித்தார்கள். 2019 ஜனவரி 1 அன்று விண்கலம் அருகில் போய்ப் படமெடுத்தபோது அப்படியே இருந்தது! தெருவிளக்கை அணைத்து வாங்கிய தகவல் இவ்வளவு தூரம் போகிறது.

கணித்த நேரத்துக்கு மட்டும் பதிவை ஓடவிட்டு நிறுத்திவிடாதீர்கள், முன்னும் பின்னும் சில நிமிடங்கள் கூடுதலாக எடுங்கள். 2013 ஜூன் 3 அன்று கரிக்லோ என்ற சிறுகோள் போன்ற பொருள் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, முக்கிய மறைப்புக்கு முன்னும் பின்னும் ஒளி சட்சட்டென்று குறைந்தது. அதிலிருந்துதான் அதைச் சுற்றி இரண்டு வளையங்கள் இருப்பது தெரிந்தது. சுமார் 250 கி.மீ. அளவுள்ள பொருளுக்கு வளையம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. நாசாவின் லூசி விண்கலம் போகவிருக்கும் பாலிமீல் என்ற சிறுகோளுக்கு ஒரு குட்டி நிலா இருப்பதும் 2022 மார்ச்சில் இப்படியொரு மறைப்பில் சிக்கியதுதான். ஒளி ஒரேயடியாக விழாமல் இரண்டு படியாக விழுந்தால், மறைந்தது இரட்டை நட்சத்திரமாகவும் இருக்கலாம்.

அப்புறம் டாங்ரா மாதிரி மென்பொருளில் வீடியோவை ஏற்றி, நட்சத்திரத்தின் ஒளி நேரத்தோடு எப்படி மாறியது என்று காட்டும் வரைபடம் எடுங்கள். நின்ற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், இரண்டு நேரங்கள், அவற்றில் எவ்வளவு பிசகு இருக்கலாம் என்பதையும் சேர்த்து உங்கள் வட்டார மறைப்புக் குழுவுக்கு அனுப்புங்கள். நட்சத்திரம் மறையவே இல்லையா? அதையும் அனுப்பத்தான் வேண்டும். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிடுவது எனக்கு எரிச்சல்தான், ஏனென்றால் நிழல் எந்த இடத்தைத் தாண்டவில்லை என்று உங்கள் பதிவுதான் எல்லை போட்டுக் காட்டும்.