பெருந்தொற்றுக் காலத்தில் மக்களிடம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருந்தொற்று வந்ததும் பல அரசுகளுக்கு எழும் முதல் கவலை, "உண்மையைச் சொன்னால் மக்கள் பீதியடைந்துவிடுவார்களே" என்பதுதான். பின்னால் நடக்கும் தவறுகளில் பாதி அங்கிருந்தே கிளம்புகின்றன. 1918-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் ஃப்ளூ பரவத் தொடங்கியபோது, நகரின் சுகாதார இயக்குநர் வில்மர் க்ரூசன் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை என்றே பேசிவந்தார். போர்க் கடன் திரட்டுவதற்காக செப்டம்பர் 28-ம் தேதி ஒரு ஊர்வலம் நடக்கவிருந்தது. மருத்துவர்கள் சிலர் வேண்டாம் என்று சொல்லியும் அது நிறுத்தப்படவில்லை. சுமார் 2 லட்சம் பேர் திரண்டார்கள். சில நாட்களிலேயே மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. அதன் பிறகு அதே வாய் சொல்லும் ஆறுதலை யார் நம்புவார்கள்?

நூறு ஆண்டுகள் கழித்துக் கொரோனா வந்தபோதும் இந்தப் பழக்கம் போகவில்லை. 2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்க சர்ஜன் ஜெனரல் (பொதுச் சுகாதாரத்தில் அரசின் தலைமை மருத்துவர்) ஜெரோம் ஆடம்ஸ் ட்விட்டரில் எழுதினார்: முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள், அது பொதுமக்களுக்குப் பலன் தராது, ஆனால் மருத்துவப் பணியாளர்களுக்குக் கிடைக்காமல் போனால் எல்லோருக்கும் ஆபத்து. டாக்டரைக் காப்பாற்றும் கவசம் என்னை மட்டும் ஏன் காப்பாற்றாது என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். பெரிய கவலை தட்டுப்பாடுதான். "கையிருப்பு குறைவாக இருக்கிறது, நோயாளிகளோடு நாள் முழுக்க இருப்பவர்களுக்கு முதலில் விட்டுக்கொடுங்கள்" என்று நேராகச் சொல்லியிருந்தால் பெரும்பாலானோர் புரிந்துகொண்டிருப்பார்கள். ஏப்ரல் 3-ம் தேதி அதே அமெரிக்க அரசு, துணிக் கவசமாவது அணியுங்கள் என்றது. முதலில் சொன்ன காரணம் அரைகுறையாக இருந்ததால், பலருக்கு இரண்டாவது அறிவுரை மீதும் சந்தேகம் வந்தது.

இதைவிடப் பெரிய தவறு, தெரியாததைத் தெரிந்ததுபோல் அடித்துச் சொல்வது. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கொரோனா காற்றில் பரவுவதில்லை, இதுதான் உண்மை என்று ட்விட்டரில் அறிவித்தது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்று வழியே பரவும் வாய்ப்பைக் கணக்கில் எடுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டி வந்தது. புதிய நோயைப் பற்றிய அறிவு மாறும், அது குற்றமில்லை. ஆனால் முதல் நாளே கல்லில் வெட்டியதுபோல் சொல்லிவிட்டால், மாறும் ஒவ்வொரு முறையும் பொய் வெளிப்பட்டதாகவே மக்களுக்குத் தோன்றும். இப்படிச் சொல்லியிருக்கலாம்: "இதுவரை பார்த்ததில், இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளால்தான் அதிகம் பரவுவதாகத் தெரிகிறது. காற்றில் மிதந்தும் பரவுமா என்று ஆராய்கிறோம். அது தெரியும்வரை, அடைத்த அறைகளில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்." தெரிந்தது, தெரியாதது, அதுவரை செய்ய வேண்டியது என்று மூன்றும் இதில் வந்துவிட்டன. காய்கறியைக் கழுவுவதற்கும் கதவுக் கைப்பிடியைத் துடைப்பதற்கும் நாம் செலவழித்த அக்கறையில் கொஞ்சமாவது அந்த ஜன்னல்களுக்குப் போயிருக்கும்.

அடுத்தது நேரம். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவில் நாடு முழுவதும் ஊரடங்கு. அரிசி, பால், மருந்து கிடைக்குமா என்பது உரையில் தெளிவாக இல்லை. மக்கள் கடைகளுக்கு ஓடிய பிறகுதான், அத்தியாவசியப் பொருட்கள் கிடைக்கும், பதற்றம் வேண்டாம் என்ற பதிவு வந்தது. ஒரு மாதம் கழித்துத் தமிழ்நாட்டிலும் இதே கதை. ஏப்ரல் 26 முதல் சென்னை, மதுரை, கோவையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24-ம் தேதி அறிவித்தார்கள். 25-ம் தேதி காலை கடைகளிலும் கோயம்பேடு சந்தையிலும் நிற்க இடமில்லை. கோயம்பேட்டிலிருந்து தொற்று கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை போனதற்கு அந்த ஒரு நாள் கூட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கூட்டத்தைத் தடுக்க வந்த அறிவிப்பே கூட்டத்தைக் கூட்டியது. நியூசிலாந்து வேறு மாதிரி செய்தது. மார்ச் 21 அன்றே நான்கு நிலை எச்சரிக்கை முறையை விளக்கி, எந்த நிலையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். 23-ம் தேதி, இன்னும் 48 மணி நேரத்தில் நான்காம் நிலை, அதாவது முழு ஊரடங்கு என்றபோது மக்களுக்கு அதன் அர்த்தம் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

செய்ய முடியாததைச் செய்யச் சொல்வதும் தவறுதான். 2021 மே மாதம் யாருக்குப் போன் செய்தாலும் முதலில் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லும் குரல் ஒலித்தது. நாட்டில் போதுமான தடுப்பூசி இல்லை. இல்லாத ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் எப்படி என்று டெல்லி உயர் நீதிமன்றமே கேட்டது.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அந்த ஸ்டிக்கரும் தகரமும்தான். யாருக்காவது தொற்று உறுதியானால் வீட்டுச் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சென்னையில் சில இடங்களில் வாசலையே தகரம் வைத்து அடைத்தார்கள். வீட்டுக்குள் காய்ச்சலோடு படுத்திருப்பவர் காதில் ஆணி அடிக்கும் சத்தம் விழும். எதிர்வீட்டுக்காரர் பால்கனியில் நின்று பார்ப்பார். பரிசோதனைக்கு வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் எத்தனை முறை கூப்பிட்டாலும், வந்தால் இதுதான் கதி என்று அந்தத் தகரம் தெருவுக்கே சொல்லிவிடும். அப்புறம் காய்ச்சலை மறைக்காமல் என்ன செய்வார்கள்? குறிப்பிட்ட உத்தரவு இல்லாமல் வீடுகளில் இப்படி ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 டிசம்பர் ஆகிவிட்டது. அரசு என்ன பேசுகிறது என்பதை மக்கள் அறிக்கையில் மட்டும் படிப்பதில்லை.

வதந்தி வந்த பிறகு பதில் சொல்வது எப்போதும் தாமதம்தான். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று அரசு மருத்துவமனையில் எல்லோரும் பார்க்கத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி காலமானார். தடுப்பூசியால்தான் இறந்தார் என்ற வதந்தி பரவியது. ரத்தக் குழாய் அடைப்பு ஒரே நாளில் வருவதில்லை என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். மரணத்துக்குத் தடுப்பூசி காரணமில்லை என்ற ஆய்வு முடிவும் அக்டோபரில் வந்தது. அதற்குள் பயம் எங்கெங்கோ போய்விட்டது. தடுப்பூசி தொடங்கிய ஜனவரியிலேயே இதை உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்: கோடிக்கணக்கானோர் ஊசி போடும்போது, எப்படியும் வந்திருக்கக்கூடிய மாரடைப்பு சிலருக்கு ஊசி போட்ட மறுநாளும் வரும், அப்படி நடந்தால் இன்னின்ன முறையில் விசாரிப்போம் என்று. முன்பே கேட்டிருந்தால் ஏப்ரலில் பலருக்கு அது நினைவுக்கு வந்திருக்கும்.

கணக்கில் தவறு நடந்தால் மூடி மறைக்கக்கூடாது. 2020 ஜூலை 22 அன்று தமிழ்நாடு அரசு, விடுபட்டிருந்த 444 மரணங்களைக் கொரோனா கணக்கில் சேர்த்தது. விமர்சனம் வந்தது, வரத்தான் செய்யும். ஆனாலும் செய்ய வேண்டியது அதுதான்.

கடைசியாக ஒன்று. டிவியில் அமைச்சர் சொன்னதை மக்கள் போய்க் கேட்பது தெரிந்த முகத்திடம்தான்: கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ரேஷன் கடைக்காரர். அவர்களும் நம்மோடு சேர்ந்து டிவியில்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்றால், "எனக்கும் தெரியலம்மா" என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்கள்? அறிவிப்பு வெளியாகும் முன்பே அவர்கள் கையில் அரைப் பக்கத் தாள் ஒன்று இருக்க வேண்டும். என்ன மாறுகிறது, எப்போதிலிருந்து, யாருக்கு, சந்தேகம் இருந்தால் எந்த எண்ணுக்குப் பேசுவது, அடுத்த தகவல் எப்போது வரும் என்ற ஐந்தும் அதில் இருந்தால் போதும்.