எழுத்தில் தன் குரலைத் தேடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

எழுதத் தொடங்கியவர்கள் பலரும் 'எனக்கென்று ஒரு நடை அமையவில்லையே' என்று வருந்துவார்கள். நெருங்கிய நண்பருக்கு அவர்கள் எழுதும் நீண்ட கடிதத்தைப் பார்த்தால் அந்த நடை அதில் நன்றாகவே இருக்கும். கதை எழுத உட்கார்ந்ததும் காணாமல் போய்விடும்.

பெரும்பாலும் அது தொலைவது திருத்தும்போதுதான். "அம்மா கதவைச் சாத்தவில்லை, ஒருக்களித்து வைத்தாள்" என்று முதலில் எழுதியவர், மறுநாள் அது சாதாரணமாக இருக்கிறதே என்று கூச்சப்பட்டு, "அன்னையின் இதயக்கதவு மூடவில்லை" என்று மாற்றிவிடுகிறார். முதல் வரியை எழுத அந்தக் கதவைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவதை எதையும் பார்க்காமலே எழுதிவிடலாம். 'கண்கள் குளமாயின', 'நெஞ்சம் கனத்தது' எல்லாம் இந்தக் கூச்சத்தின் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. அதனால் வித்தியாசமாகத் தோன்றும் வரியை உடனே அடித்துவிடாதீர்கள். ஒரு வாரம் போகட்டும், அப்புறம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு இடறினால் மாற்றுங்கள். கூச்சம் மட்டும்தான் மிச்சம் என்றால் அந்த வரி அப்படியே இருக்கட்டும்.

பிடித்த எழுத்தாளரின் சாயல் வந்துவிடுமோ என்று வாசிப்பையே நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. அமெரிக்க எழுத்தாளரும் அரசியல் தலைவருமான பெஞ்சமின் பிராங்க்ளின் இளவயதில் 'ஸ்பெக்டேட்டர்' என்ற ஆங்கில இதழின் கட்டுரைகளிலிருந்து சிறு குறிப்புகள் எடுத்து, சில நாள் கழித்து அவற்றைத் தன் சொற்களில் திரும்ப எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திப் பழகினார். சில சிறு இடங்களில் தன்னுடையது மேலாக வந்திருப்பதாக அவருக்குத் தோன்றியதும் உண்டு. நீங்களும் செய்து பாருங்கள். மூலத்திலிருந்து விலகிய இடங்களைக் கோடிட்டு வையுங்கள், உங்கள் பழக்கங்கள் அங்கேதான் தெரியும். ஆனால் ஒரே எழுத்தாளரிடம் தங்கிவிட வேண்டாம்.

வட்டார வழக்கைக் கொண்டுவந்தால் குரல் வந்துவிடும் என்பதும் சரியில்லை. அந்த வழக்கு ஊரே பேசுவது. எதை முதலில் சொல்கிறீர்கள், எதைச் சொல்லாமல் விடுகிறீர்கள், வாக்கியத்தை எங்கே முடிக்கிறீர்கள் என்பதுதான் உங்களுடையது.

இதையெல்லாம் ஒரே கதையில் கண்டுபிடிக்க முடியாது. பழைய எழுத்துகளில் நாலைந்தை எடுத்து வரிசையாகப் படியுங்கள். நினைக்காமலே திரும்பத் திரும்ப எந்தப் பொருள், எந்த மாதிரி மனிதர், எந்த நீள வாக்கியம் வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்ததை அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.