அரங்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

பிடித்த நாவலாசிரியரை ஒருமுறையாவது நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற ஆசையோடு வெளிநாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, டிசம்பர் கடைசிக்கும் பொங்கலுக்கும் இடையில் டிக்கெட் போடுங்கள் என்பதுதான். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977 முதல் நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சி அப்போதுதான் வரும். இப்போது நடக்கும் இடம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். மெட்ரோவில் நந்தனம் நிலையத்தில் இறங்கலாம். பிள்ளைகளின் கோடை விடுமுறையில்தான் வர முடியும் என்றால் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா இருக்கிறது.

டொரொண்டோவிலும் லண்டனிலும் கையெழுத்து என்றால் ஒரு நிகழ்ச்சி, ஒரு மேசை, ஒரு வரிசை. சென்னைக் காட்சியில் எழுத்தாளர் பெரும்பாலும் பதிப்பகத்தின் விற்பனை அரங்கிலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆகவே எழுத்தாளரைத் தேடாதீர்கள், பதிப்பகத்தைத் தேடுங்கள். எஸ். ராமகிருஷ்ணனுக்குத் தேசாந்திரி, பெருமாள்முருகனுக்குக் காலச்சுவடு, ஜெயமோகனுக்கு விஷ்ணுபுரம் பதிப்பகம். அரங்கு எண்ணையும் எழுத்தாளர் வரும் நாளையும் அவர்களே ஃபேஸ்புக்கில் போட்டுவிடுவார்கள். முதல் தடவை இது தெரியாமல் பொங்கல் விடுமுறை நாளில் போய், கூட்டத்தில் நசுங்கி, மூன்று மணி நேரம் அலைந்து வெறுங்கையோடு திரும்பினேன். வேலைநாளின் மாலைப்பொழுதே நல்லது.

வெளியீட்டு விழாவுக்குப் போனால் பொறுமை வேண்டும். சென்னையில் தேவநேயப் பாவாணர் நூலக அரங்கம், கவிக்கோ மன்றம் போன்ற இடங்களில் மாலை ஆறு மணி என்று அழைப்பிதழில் இருக்கும். ஆறுக்கே தொடங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் முடிந்து கடைசியில்தான் எழுத்தாளரின் ஏற்புரை. நீங்கள் கடல் கடந்து வந்தது அந்த இருபது நிமிடங்களுக்காக. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடுவில் எழுந்துவிடாதீர்கள். வாசலில் விற்கும்போதே புத்தகத்தை வாங்கிவிடுங்கள். விழா முடிந்ததும் எல்லோரும் மேடைக்கு நகர்வார்கள்.

நிதானமாகப் பேசவும் வேண்டும் என்றால் கோவைக்குப் போங்கள். 2010 முதல் எழுத்தாளர்களுக்கு வழங்கப்படும் விஷ்ணுபுரம் இலக்கிய விருதின் விழா டிசம்பரில் இரண்டு நாட்கள் நடக்கும். அங்கே எழுத்தாளர்களை அமரவைத்து வாசகர்கள் கேள்வி கேட்பதே முக்கிய நிகழ்ச்சி. படித்துவிட்டு வந்தவர்கள் கேட்கும் கேள்விகள் அவை. கேட்டுக்கொண்டிருந்தாலே நெஞ்சு நிறையும்.

சில்லறை நோட்டுகளாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கைப்பேசியில் ஜிபே செயலி வழியாகக் கட்டுகிற இடத்தில் வெளிநாட்டு அட்டையோடு நிற்பது சிரமம். பத்து சதவீதம் தள்ளுபடி வழக்கமாகவே உண்டு, பேரம் தேவையில்லை. எழுத்தாளரை அங்கே ‘சார்’ என்பார்கள். ஈழத்தவரான நமக்கு ‘ஐயா’தான் வாயில் வரும். அப்படியே கூப்பிடுங்கள், மகிழ்ச்சியாகத்தான் கேட்பார்கள். “உங்கள் எல்லாப் புத்தகங்களும் பிடிக்கும்” என்று சொல்வதைவிட, ஒரு பாத்திரம், ஒரு காட்சி, அது உங்களை எங்கே தொட்டது என்று சொல்லுங்கள். வீட்டில் நைந்துபோன பழைய பிரதி இருந்தால் அதையே கொண்டுபோங்கள். அடிக்கோடிட்ட பக்கங்களைப் பார்க்கும்போது எழுத்தாளரின் முகம் மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

யாருக்காகக் கையெழுத்தோ, அவர் பெயரைத் தமிழில் ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துப்போங்கள். கூட்ட இரைச்சலில் பெயர் சரியாகக் காதில் விழாது. சென்ற முறை என் மகளுக்காக ஒரு நாவலை நீட்டினேன். எழுத்தாளர் துண்டுத்தாளைப் பார்த்து, “‘ழ’தானே?” என்று கேட்டுவிட்டு, மை பேனாவால் அந்த ஓர் எழுத்தை மட்டும் மெதுவாகச் சுழித்து எழுதினார். மை காயும்வரை பக்கத்தை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தேன். பள்ளியில் ஆங்கில எழுத்தில் மட்டுமே தன் பெயரை எழுதிப் பழகிய பிள்ளை, இப்போது அந்த ‘ழ’வைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகுகிறாள்.