கேஸ் வாடையா, கருவாட்டு வாடையா? சிலிண்டர் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

எங்கள் வீடு தங்கச்சிமடம் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரம். போன ஆடியில் ஒரு நாள் மத்தியானம் அடுப்படியில் ஒரு மாதிரி வாடை. கேஸ் மாதிரி இருக்கும்மா என்றேன். "திருக்கைக் கருவாடு காயுதுடி, போய் வேலையைப் பாரு" என்றது அம்மா. பின்வாசலில் கருவாடு காய்ந்துகொண்டுதான் இருந்தது, அதனால் நானும் விட்டுவிட்டேன். அப்புறம் கூட்டுவதற்காகக் குனிந்தபோது வாடை குப்பென்று ஏறியது. நிமிர்ந்தால் குறைகிறது, குனிந்தால் கூடுகிறது. கருவாடு இப்படிச் செய்யாது.

வீட்டு சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. அதற்கென்று சொல்லும்படி வாடை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைச் சேர்த்து அனுப்புகிறார்கள். காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து, அடுப்பு மேடைக்குக் கீழே, மூலையில், தண்ணீர் போகும் ஓட்டையில் தேங்கி நிற்கும். காற்றில் 2 சதவீதம் போலக் கலந்தாலே ஒரு பொறி போதும். ஓலை வேய்ந்த அடுப்படி நம் பக்கம் இன்னும் நிறைய இருக்கிறது, அதற்குமேல் நான் சொல்ல வேண்டாம்.

வாடை வந்தவுடன்

அடுப்பு எரிந்தால் அணையுங்கள், ரெகுலேட்டரை மூடுங்கள். சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எல்லாவற்றையும் அணையுங்கள். லைட், ஃபேன் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், எரிந்துகொண்டிருப்பதை அணைக்கவும் வேண்டாம், சுவிட்சுக்குள் விழும் சின்னப் பொறியே வினையாகிவிடும். கதவு ஜன்னலைத் திறந்து, குழந்தைகளையும் வயதானவர்களையும் வெளியே அனுப்புங்கள். போன் பேசுவதும் வெளியே போய்த்தான்.

நம் ஊரில் பலர் மறக்கும் ஒன்று, பின்பக்கத்து விறகு அடுப்பு. சோறும் நண்டும் வெளியே விறகில் வேகும், உள்ளே கேஸ் இருக்கும். கதவைத் திறந்துவிட்டால் தரையோடு போகிற வாயு நேராக அந்தக் கங்குக்குத்தான் போகும். அதனால் அந்தக் கதவைத் திறப்பதற்கு முன் விறகு அடுப்பில் தண்ணீரை ஊற்றுங்கள்.

வாடை பலமாக இருந்தாலோ, உஸ்ஸென்று சத்தம் கேட்டாலோ, நீங்கள் எதையும் தேட வேண்டாம். வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். தீப்பிடித்துவிட்டால் 101.

சோப்புத் தண்ணீர்

வாடை லேசாக இருந்து, காற்றோட்டத்தில் முழுக்கப் போன பிறகுதான் இந்த வேலை. ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து நுரை வரும்வரை அடித்துக்கொள்ளுங்கள். நான் முதல்தடவை எங்கள் வீட்டு அடிபம்புத் தண்ணீரில் கரைத்து, நுரையே வராமல், கசிவே இல்லை போலிருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்! உப்புத் தண்ணீரில் சோப்பு எங்கே நுரைக்கும்? குடிக்கிற தண்ணீரில் கரையுங்கள். குடம் காசு கொடுத்து வாங்கினாலும் ஒரு டம்ளர்தான்.

அடுப்பின் எல்லாத் திருகையும் மூடிவிட்டு ரெகுலேட்டரை மட்டும் திறங்கள். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் நுரையைத் தடவிக்கொண்டே போங்கள்: ரெகுலேட்டர் சிலிண்டரில் உட்காருகிற இடம், டியூப் ரெகுலேட்டரில் மாட்டிய இடம், டியூப் நெடுக (மடங்கிய இடத்தில் கூடுதலாக), அடுப்போடு சேருகிற முனை, கடைசியாக அடுப்புத் திருகுகளின் அடிப்பக்கம். ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் நின்று பாருங்கள். கசிகிற இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி விடாமல் வந்துகொண்டே இருக்கும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அடுப்படிக்குள்ளேயே விடாதீர்கள்.

எங்கள் வீட்டில் அடுப்பு முனையில்தான் குமிழி வந்தது. கையால் டியூப்பை லேசாக வளைத்தேன், மண்புழு தலை காட்டுவதுபோல் ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. ரப்பர் அந்த இடத்தில் கருவாடு மாதிரி விறைத்துப்போயிருந்தது.

எதை நாமே செய்யலாம்

டியூப் மட்டும்தான், என்னைக் கேட்டால். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற டியூப்பாக, ஒன்றரை மீட்டருக்கு மேல் போகாமல் வாங்குங்கள். அதிலேயே தேதி அச்சடித்திருக்கும். 5 வருடம் என்று கணக்கு சொல்வார்கள், நான் 3 வருடத்தில் மாற்றிவிடுகிறேன், உப்புக் காற்றில் எது தாங்குகிறது சொல்லுங்கள். ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரிலிருந்து கழற்றி, வால்வு மேல் வெள்ளை மூடியை அழுத்தி மாட்டிவிட்டுத்தான் பழைய டியூப்பை உருவ வேண்டும். புது டியூப் ஏறவில்லை என்றால் முனையை வெந்நீரில் கொஞ்ச நேரம் முக்கித் துடைத்துவிட்டுத் திருகியபடி ஏற்றுங்கள். தீயில் வாட்டாதீர்கள். டியூப் மாட்டுகிற குழாய் முனை, நாசில் என்பார்கள், அது முழுக்க டியூப்புக்குள்ளே போயிருக்க வேண்டும். வெடிப்பில் டேப் சுற்றுவது, சோப்பை அப்புவது, சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டுவது எல்லாம் வேண்டாத வேலை.

ரெகுலேட்டரைத் திறந்தால் மட்டும் சிலிண்டர் கழுத்தில் குமிழி வருகிறதா? வால்வுக்குள் இருக்கிற ரப்பர் வளையம், நாம் வாஷர் என்கிறோமே, அது தேய்ந்திருக்கும். ரெகுலேட்டரைக் கழற்றிய பிறகும் வால்வுக்குள் சொட்டு நீர் விட்டால் கொப்பளிக்கிறதா, வால்வே போய்விட்டது. இரண்டுக்கும் மூடியை மாட்டி, சிலிண்டரை நிமிர்ந்த நிலையிலேயே வெட்டவெளியில் வைத்துவிட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். ஊசியை விட்டு வாஷரை நோண்டாதீர்கள். ரெகுலேட்டர் துருப்பிடித்திருந்தால் அதையும் அவர்களிடமே மாற்றுங்கள். அடுப்புத் திருகில் கசிந்தால் அடுப்பு ரிப்பேர்காரர்.

எங்குமே குமிழி இல்லை, ஆனாலும் அவ்வப்போது வாடை வருகிறது என்றால் ஜன்னலைப் பாருங்கள். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் சிம்மில் வைத்த பால் அடுப்பு நமக்குத் தெரியாமலே அணைந்து, வாயு மட்டும் வந்துகொண்டிருக்கும். எங்கள் தெருவில் பாதிக் கசிவு இந்த வகைதான். அடுப்பு எரியும்போது கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், அல்லது அடுப்பை அந்தக் காற்றுக்கு நேராக இல்லாமல் தள்ளி வையுங்கள்.

டியூப் மாற்றியதும் மறுபடி சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி இல்லையென்றால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒரு பர்னரைப் பற்றவையுங்கள். எங்கள் வீட்டில் மாற்றிய தேதியை மேடைக்கு மேல் சுவரில் கரியால் எழுதியிருக்கிறோம். அம்மா இப்போது கருவாடு காயப்போட்டால் மொட்டைமாடியில்தான்.