ஓரிகாமி: முதலில் ஒரு பெட்டி, அப்புறம் ஒரு கனசதுரம்

ஓரிகாமி எனும் காகித மடிப்புக் கலை என்றதும் பலரும் கொக்கில்தான் கை வைக்கிறார்கள். பெட்டியில் ஆரம்பியுங்கள் என்பேன் நான். மடிப்பு சற்றுக் கோணினாலும் கொக்கு கொக்காகத்தான் இருக்கும். பெட்டி அப்படி விடாது, பிசகு எங்கே என்று மூலையிலேயே காட்டிவிடும். பழகும் கைக்கு அதுதான் நல்லது.

தாள்

ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கலர் ஏ4 தாளே போதும். சார்ட் பேப்பர் வேண்டாம், தடிமனாக இருப்பதால் மடித்த இடத்தில் வெடிக்கும். பளபளப்பான கிஃப்ட் பேப்பர் மடித்த பிறகும் எழும்பிக்கொண்டே இருக்கும். பெட்டிக்கு 15 செ.மீ. சதுரம் ஒன்று, கனசதுரத்துக்கு 14 செ.மீ. சதுரம் ஆறு வெட்டிக்கொள்ளுங்கள். ஓர் ஏ4 தாளில் 14 செ.மீ. சதுரம் இரண்டு கிடைக்கும், ஆக கனசதுரத்துக்கு மூன்று தாள், பெட்டிக்கு ஒரு தாள். ஸ்கேல் வைத்து நிதானமாக வெட்டுங்கள். சதுரம் ஒரு மி.மீ. தவறினாலும் பின்னால் எந்த மடிப்பாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

மசு பெட்டி

மசு என்பது ஜப்பானில் அரிசி அளந்த சதுர மரப்பெட்டி, நம் ஊர்ப் படி, உழக்கு மாதிரி. அதன் வடிவத்தில் மடிப்பதால் இதற்கும் அதே பெயர்.

தாளை இரண்டு திசையிலும் பாதியாக மடித்து விரியுங்கள். நடுவில் கூட்டல் குறி போலக் கோடு விழும். நான்கு முனைகளையும் நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்து மடியுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொட வேண்டும், ஏறக்கூடாது. கிடைத்த சிறிய சதுரத்தில் மேல், கீழ் ஓரங்களை நடுப்புள்ளியைத் தொடும்படி மடித்து விரியுங்கள். இடது, வலது ஓரங்களுக்கும் அப்படியே. ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தி நீவிவிடுங்கள்.

இப்போது மேல் முனையையும் கீழ் முனையையும் மட்டும் முழுதாக விரித்துவிட்டு, இடது, வலது ஓரங்களை நிமிர்த்துங்கள். இரண்டு சுவர் வந்துவிட்டது. பலரும் திணறுவது அடுத்த சுவரில்தான். மேல் பக்கத்தில் மூலைக்கு ஒன்றாகச் சாய்வான கோடு இரண்டு தெரியும். முதலில் போட்ட கூட்டல் குறியின் மிச்சம்தான் அவை. அவற்றை இரு விரல்களால் உள்நோக்கித் தள்ளினால் மூன்றாவது சுவர் தானே எழும். நீண்டிருக்கும் முனையை அந்தச் சுவரின் மேல் வழித்து உள்ளே இறக்கினால் அதன் நுனி நடுவில் போய்ப் படியும். எதிர்ப்பக்கமும் இப்படியே. பசை தேவையில்லை.

அடிப்பக்கம் சுமார் 5.3 செ.மீ., உயரம் அதில் பாதி. மூடி வேண்டுமென்றால் 15.5 செ.மீ. தாளில் இன்னொரு பெட்டி மடித்துக் கவிழ்த்துங்கள்.

சோனோபே கனசதுரம்

மிட்சுனோபு சோனோபே என்ற ஜப்பானியரின் பெயரால் அறியப்படும் துண்டு இது. ஆறு துண்டு சேர்ந்தால் ஒரு கனசதுரம்.

தாளை நெடுக்காகப் பாதி மடித்து விரியுங்கள். இடது, வலது ஓரங்களைக் கதவு மூடுவதுபோல் நடுக்கோட்டுக்கு மடித்து மீண்டும் திறங்கள். மேல் இடது முனையையும் கீழ் வலது முனையையும் அருகிலுள்ள கோடுவரை சிறு முக்கோணமாக மடித்துவிட்டுக் கதவுகளை மூடுங்கள். பட்டையின் மேல் வலது முனையை இடது ஓரத்துக்கு மடித்து, இடது கதவுக்கு அடியில் செருகுங்கள். கீழ் இடது முனையை வலது ஓரத்துக்கு மடித்து, வலது கதவுக்கு அடியில் செருகுங்கள். ஓர் இணைகரம் கிடைக்கும். திருப்பிப் போட்டு, இரண்டு கூர்முனைகளையும் வழவழப்பான பக்கத்தில் மடித்தால் சதுரமாகும். பிறகு அந்த முனைகளைப் பாதி எழுப்பி விடுங்கள். நாக்குகள் அவைதான்.

ஆறு துண்டையும் இதே பக்கக் கணக்கில் மடியுங்கள். ஒன்று மட்டும் இடவலம் மாறினாலும் மற்றவற்றோடு சேராது. அதனால் முதல் துண்டை மாதிரியாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோர்ப்பதற்கு ஒரே விதிதான்: ஒரு துண்டின் நாக்கு அடுத்த துண்டின் கதவுக்கு அடியில், வெளிப்பக்கமாகப் போக வேண்டும். முதலில் மூன்று துண்டை ஒரு மூலையில் சேருங்கள். அது நின்றுவிட்டால் மீதி மூன்றும் எங்கே போக வேண்டும் என்று தானாகத் தெரியும். கடைசித் துண்டில் நான்கு நாக்குகளை ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டியிருக்கும். பிடியை இறுக்காமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக நுழையுங்கள். முடிவில் எந்த நாக்காவது கனசதுரத்துக்குள் ஒளிந்திருந்தால் அந்த முகத்தைக் கழற்றித் திரும்பக் கோர்த்துவிடுங்கள். மூன்று நிறத்தில் நிறத்துக்கு இரண்டாக எடுத்து, ஒரே நிறத் துண்டுகளை எதிரெதிராக வைத்தால், எதிரெதிர் முகங்கள் ஒரே மாதிரி அமையும்.

மசுவின் அடிப்பக்கமும் சோனோபே கனசதுரத்தின் பக்கமும் ஒரே கணக்கில் வருபவை: தாளின் பக்கத்தை 0.354ஆல் பெருக்கினால் போதும். அதனால்தான் 14 செ.மீ. தாளில் செய்த கனசதுரம் 15 செ.மீ. பெட்டிக்குள் லேசான இடைவெளியோடு இறங்கி, பாதிக்குச் சற்று மேலே உள்ளே நிற்கிறது.

அடுத்து 12 துண்டு சேர்த்து எட்டுக் கூம்பு கொண்ட நட்சத்திரம் செய்யலாம், 30 துண்டில் இருபது கூம்புப் பந்து. இரண்டுக்கும் ஒவ்வொரு துண்டின் சதுரத்திலும் நாக்குகள் இல்லாத இரண்டு மூலைகளைச் சேர்த்து மூலைவிட்ட மடிப்பு ஒன்று கூடுதலாகப் போட வேண்டும், பள்ளம் வெளிப்பக்கம் இருக்கும்படி.