பதிவு செய்யப்படாத மருந்தைச் சட்டப்படி பெறும் வழி

தென்னாப்பிரிக்காவில் ஒரு சிகிச்சையை வேண்டாமென்று மறுக்க நோயாளிக்குள்ள உரிமை வேறு. இன்ன மருந்துதான் வேண்டுமென்று கேட்கும் உரிமை வேறு. முன்னதை அரசியலமைப்பின் 12ஆம் பிரிவும் 2003ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதாரச் சட்டமும் காக்கின்றன. பின்னது, அந்த மருந்து இங்கே விற்பனைக்குப் பதிவு பெறாததாக இருந்தால், மருத்துவர் மனம் வைத்தால்தான் நடக்கும். ஆகவே, சென்னையிலுள்ள உறவினரிடம் மருந்தை அனுப்பச் சொல்வதற்கு முன், உங்கள் சிறப்பு மருத்துவரிடம் பேசுங்கள்.

1965ஆம் ஆண்டின் 101ஆம் எண் மருந்துச் சட்டத்தில் 21ஆம் பிரிவு இதற்கென்றே உள்ளது. மருந்து ஒழுங்குமுறை ஆணையமான சாஃப்ராவுக்கு விண்ணப்பிப்பவர் மருத்துவரே. நோய் என்ன, பதிவு பெற்ற மருந்துகள் ஏன் பலிக்கவில்லை, கேட்கும் மருந்துக்கு என்ன சான்று உண்டு என்பதை அவர் எழுத வேண்டும். பழைய மருத்துவ அறிக்கைகளை நீங்கள் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தால் அவருக்குப் பாதி வேலை குறையும். அனுமதி குறிப்பிட்ட நபருக்கு, குறிப்பிட்ட அளவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே. காலம் முடியுமுன் மீண்டும் விண்ணப்பிக்க நினைவூட்டுங்கள்.

சிகிச்சைக்குச் சம்மதம் தரும் ஒப்புதல் படிவத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். சுகாதாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, பயன், ஆபத்து, செலவு ஆகியவற்றை, இயன்றவரை நோயாளிக்குப் புரியும் மொழியில், அவரது எழுத்தறிவுக்கேற்ப விளக்கச் சொல்கிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தமிழ் மட்டுமே நன்கு புரியும் பாட்டி ஒருவருக்காகப் பேரன் தலையாட்டிவிட்டு வருவது சட்டம் எதிர்பார்க்கும் விளக்கமாகாது. பாட்டியிடமே தமிழில் சொல்லப்பட வேண்டும், அவர் கேள்வி கேட்கவும் வேண்டும்.

பணம்தான் கடினமான பகுதி. அனுமதி கிடைத்ததனாலேயே அரசு மருத்துவமனையோ மருத்துவக் காப்புத் திட்டமோ செலவை ஏற்றாக வேண்டும் என்பதில்லை. டர்பன் அடிங்டன் மருத்துவமனையில் டயாலிசிஸ் மறுக்கப்பட்ட தியாகராஜ் சுப்ரமணியின் வழக்கில், வழக்கமான சிகிச்சையை மறுப்பதற்கே வளப் பற்றாக்குறையைக் காரணமாக அரசியலமைப்பு நீதிமன்றம் 1997இல் ஏற்றுக்கொண்டது என்பதை மறக்கலாகாது. எனவே மருந்தை வாங்குமுன் திட்டத்துக்கு எழுதிக் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பெற்று, காப்புத் திட்டங்களைக் கண்காணிக்கும் மருத்துவத் திட்டங்கள் மன்றத்தில் முறையிடுங்கள்.

மருந்து தொடங்கிய பின் தோன்றும் பக்கவிளைவு எதையும், அற்பமாகத் தோன்றினாலும், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதை அவர் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும்.